ஞானப்பல் எடுத்த மூன்றாம் நாள்

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 24 வயது. கீழே இடது பக்கம் படுத்த மாதிரி முளைத்திருந்த ஞானப்பல்லை, திங்கட்கிழமை மாலை ஈறைக் கீறி, எலும்பைக் குடைந்து எடுத்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. செவ்வாய்க்கிழமை நன்றாகத்தான் இருந்தாள். போனில் சிரித்துப் பேசினாள். புதன் மதியத்திலிருந்து கன்னம் உப்ப ஆரம்பித்தது. இன்று வியாழன் காலை எழுந்து வந்தபோது எனக்கே பகீர் என்றது, அவ்வளவு வீக்கம். வாய் பூட்டிக்கொண்ட மாதிரி ஒரு விரல்தான் நுழைகிறது. விழுங்கும்போது தொண்டை ஓரம் வலிக்கிறது. காய்ச்சல் 99.6. தையல் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. கீழ் உதட்டின் இடது ஓரம் இன்னும் மரத்த மாதிரி இருக்கிறதாம். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக், காலை இரவு ஒரு வலி மாத்திரை (அட்டையில் அசிக்ளோஃபினாக் 100, பாராசிட்டமால் 325, செராஷியோபெப்டிடேஸ் 15 என்று இருக்கிறது), வயிற்றுக்கு ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் நடு ராத்திரியில் வலியில் எழுந்துவிடுகிறாள். என் மாமியார் முதல் நாளே உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். புளி, தக்காளி, பருப்பு, தயிர், முட்டை எல்லாம் சீழ் கட்டும் என்று தடுத்துவிட்டார். மூன்று நாளாகக் கஞ்சித் தண்ணீர்தான். தையல் பிரிக்க வருகிற திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். திங்கள் வரை காத்திருக்கலாமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்:

அம்மா, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீக்கத்துக்காகவும் வலிக்காகவும் இன்று இரவே ஓட வேண்டியதில்லை. நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பகுதி, எலும்பைக் குடைந்து எடுத்த கீழ் ஞானப்பல்லுக்கு மூன்றாம் நாளில் இருக்க வேண்டியதுதான். ஒன்று மட்டும் விதிவிலக்கு: உதடு மரத்திருப்பது. அதை நாளைக் காலையே அறுவை செய்த டாக்டருக்குப் போன் செய்து சொல்லுங்கள், திங்கள் வரை வைத்திருக்க வேண்டாம். அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்களைப் பயமுறுத்தியது வீக்கத்தின் அளவைவிட அது வந்த வரிசை என்று நினைக்கிறேன். செவ்வாய் நன்றாக இருந்தவள், புதன் உப்பி, வியாழன் இன்னும் உப்பினால், எங்கோ தப்பு நடக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இந்த வீக்கத்தின் வழக்கமே அதுதான். ஈறைக் கீறி, அதை எலும்பிலிருந்து விலக்கி, எலும்பைத் தண்ணீர் விட்டுக் குடைந்து, பல்லை இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டி எடுக்கிறோம். அடிபட்ட இடத்துக்கு உடம்பு தன் ஆட்களை அனுப்புகிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து நீர் கசிந்து, கன்னத்தின் தளர்வான சதையில் தேங்குகிறது. இந்த வேலை சூடுபிடிக்கவே ஒரு நாள் ஆகும். 48 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான் வீக்கம் உச்சத்துக்குப் போகும். திங்கள் மாலையிலிருந்து கணக்குப் போட்டால் நீங்கள் கடிதம் எழுதிய வியாழன் காலை சரியாக அந்த இடைவெளிக்குள் விழுகிறது. இன்னொன்றும் உண்டு. வீக்கம் குறைய அறுவை முடிந்ததும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவது வழக்கம். அதன் வேலை ஒன்றரை, இரண்டு நாளில் தீர்ந்துவிடும். செவ்வாய்க்கிழமைச் சிரிப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதனால் வீக்கம் எவ்வளவு என்று பார்ப்பதைவிட எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கண்ணளவில் பார்த்துச் சொல்வது வேலைக்கு ஆகாது. நாள் முழுக்க அதே முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்குக் கூடியது போலவும் தெரியும், குறைந்தது போலவும் தெரியும். தினமும் காலை ஒரே நேரத்தில், ஒரே ஜன்னல் பக்கம் நிற்க வைத்து, நேராக ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று இரண்டு போட்டோ எடுத்து வையுங்கள். காலையோடு காலையை ஒப்பிடுங்கள், மாலையோடு வேண்டாம். படுத்து எழுந்தால் நீர் முகத்தில் தேங்கி எல்லோருக்குமே காலையில் வீக்கம் அதிகமாகத்தான் இருக்கும். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்கச் சொன்னால் அதுவும் கொஞ்சம் குறையும். வெள்ளிக்கிழமைப் போட்டோ வியாழன் மாதிரியே இருந்தால் பரவாயில்லை. சனிக்கிழமை ஒரு நூலாவது இறங்கியிருக்க வேண்டும். சனிக்கிழமை ஏறியிருந்தால் திங்கள் வரை காத்திருக்காதீர்கள், அன்றே போய்க் காட்டுங்கள். நான்காம், ஐந்தாம் நாளில் ஏறுகிற வீக்கத்துக்குப் பெரும்பாலும் கிருமிதான் காரணமாக இருக்கும்.

வீக்கம் இறங்கும்போது கழுத்துப் பக்கம் நீலமோ மஞ்சளோ பாய்ந்தால் பயப்பட வேண்டாம். கசிந்த ரத்தம் கீழே இறங்கிக் கரைகிறது, அவ்வளவுதான்.

எப்போது யோசிக்கவே கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விழுங்கும்போது வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வலித்தாலும் விழுங்க முடிகிறது என்றால் சரி. அறுவை நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தொண்டைத் தசை இருக்கிறது, அது நோகத்தான் செய்யும். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிய விடுகிறாள், நாக்குக்கு அடியில் மேடு தட்டி நாக்கை மேலே தள்ளுகிறது, தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் பலகை மாதிரி கெட்டியாகிறது, குரல் அடைத்துப் பேசுகிறாள், படுத்தால் மூச்சு முட்டுகிறது. இதில் ஒன்று இருந்தாலும் கிளினிக்குக்குப் போன் செய்து காத்திருக்காமல் 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-லேயே எழுதிவைத்த நோய் இது. கீழ்ப்பல்லில் தொடங்கும் கிருமி வாயின் அடித்தளத்தில் பரவி மூச்சுக் குழாயை நெருக்கும். அரிதுதான், ஆனால் மணிக்கணக்கில் முற்றிவிடும். காய்ச்சல் 101-ஐத் தாண்டினாலும், கன்னத்தை அழுத்தும்போது தையல் ஓரமாகச் சீழ் வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். உங்கள் 99.6 இந்தக் கணக்கில் வராது. கஞ்சித் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் நீர்ச்சத்து குறைந்தும் உடம்பு அந்த அளவுக்குச் சுடும்.

ஒத்தடத்துக்கு வருவோம். உங்கள் மாமியார் சொன்ன வைத்தியம் தப்பில்லை, இரண்டு நாள் முந்திக்கொண்டார், அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் குளிர்ச்சி. ஐஸை மெல்லிய துண்டில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்புறம் 15 நிமிடம் வைத்து, 15 நிமிடம் எடுத்துவிட வேண்டும். வீட்டில் ஐஸ் டிரே இல்லாவிட்டால், கழுவிய பால் கவரில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தாலே போதும்.  48 மணி நேரத்துக்குப் பிறகு ஐஸால் பெரிய பயன் இல்லை. அப்போது வெதுவெதுப்பான ஒத்தடம் உதவும். தேங்கிய நீர் வடியவும் இறுகிய தசை இளகவும் சூடு நல்லது. ஆக இன்றிலிருந்து அப்பத்தா ஒத்தடம் கொடுக்கலாம். ஒரே நிபந்தனைதான். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு போதும். வறுத்த உப்பு மூட்டை வேண்டாம். உதடு மரத்திருக்கும் பெண்ணுக்குச் சூடு தெரியாது, தோல் பொத்துப்போகும். முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் சுண்ணாம்புப் பற்று, தைலம், இதெல்லாம் வெளியே போட்டு உள்ளே இருக்கும் காயத்துக்கு ஒன்றும் ஆகாது. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் கன்னத்தில் தோல் எரிந்து நிற்பதுதான் மிச்சம்.

இனி ராத்திரி வலி. நீங்கள் மாத்திரை அட்டையைப் பார்த்து முழுசாக எழுதி அனுப்பியது மிகவும் நல்லது. நிறையப் பேர் 'ஒரு சிவப்பு மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை' என்றுதான் எழுதுவார்கள். அந்த ஒரு மாத்திரையில் மூன்று மருந்து இருக்கிறது. அசிக்ளோஃபினாக் வலியையும் வீக்கத்தையும் குறைப்பது, வேலையில் பாதி அதனுடையது. பாராசிட்டமால் அதில் 325 மில்லிகிராம்தான். காலை, இரவு இரண்டையும் சேர்த்தால் நாளுக்கு 650. சராசரி எடையுள்ள, கல்லீரல் கோளாறு இல்லாத பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 3000 மில்லிகிராம் வரை தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அதாவது இடம் நிறைய இருக்கிறது. நாளை உதட்டு விஷயமாகப் போன் செய்யும்போது, இடையில் பாராசிட்டமால் 650 போடலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். காலை 8-க்கும் இரவு 8-க்கும் இப்போதைய மாத்திரை, பிற்பகல் 2-க்கும் நள்ளிரவு 12-க்கும் பாராசிட்டமால் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1950. எல்லைக்குள்தான் இருக்கிறது, ராத்திரிப் பள்ளமும் நிரம்பிவிடும். வலி வந்து அழுத பிறகு மாத்திரையைத் தேடுவதைவிட, இன்னும் இரண்டு நாள் மணி பார்த்துப் போடுவது மேல். ஏறிவிட்ட வலியை இறக்க இரண்டு மடங்கு பாடுபட வேண்டும்.

செய்யக் கூடாதது, மருந்துக் கடையில் 'இதைவிட ஸ்ட்ராங்காக ஒன்று கொடுங்கள்' என்று கேட்பது. அவர்கள் கொடுப்பது டைக்ளோஃபினாக்காகவோ ஐப்யூபுரூஃபனாகவோ இருக்கும். அசிக்ளோஃபினாக்கும் அந்தக் குடும்பம்தான். ஒரே குடும்பத்து மருந்து இரண்டைச் சேர்த்தால் வலி இன்னொரு படி குறையாது. வயிற்றுப் புண்ணும் சிறுநீரகத்துக்குச் சுமையும்தான் கூடும். ஆஸ்துமா, அல்சர், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்தக் குடும்ப மருந்தே யோசித்துத்தான் கொடுக்கிறோம். ஊரில் டெங்கு இருக்கும் நாட்களில் உடம்பு வலியோடு காய்ச்சல் வந்தாலும் இதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மருந்து செராஷியோபெப்டிடேஸ். வீக்கத்தைக் கரைக்கும் என்று நம் ஊரில் தாராளமாக எழுதப்படுகிறது. ஜப்பானில் இதை விற்று வந்த நிறுவனமே 2011-ல் பலன் போதுமான அளவுக்கு நிரூபிக்கப்படவில்லை என்று சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. நான் தனியாக எழுதித் தருவதில்லை. உங்கள் மாத்திரையில் சேர்ந்து வந்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காக டாக்டரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

ஆன்டிபயாடிக் ஐந்து நாளையும் முடித்துவிடுங்கள். அது கிருமிக்குத்தான், வீக்கத்தைக் குறைக்க அதைக் கூட்டிக் கேட்டுப் பயனில்லை.

தையல் ஓரத்து வெள்ளைப் படலம் அநேகமாகச் சீழ் இல்லை. முழங்காலில் சிராய்த்தால் மேலே பொருக்குத் தட்டும் அல்லவா? வாய்க்குள் எப்போதும் ஈரம், அங்கே பொருக்கு காயாது, ஊறி வெளுத்துப்போய் நிற்கும். அதுதான் இது. பஞ்சாலோ பிரஷ்ஷாலோ துடைத்தெடுக்கப் பார்க்காதீர்கள். சீழ் என்றால் அழுத்தினால் வெளியே வரும், வாயில் உப்புக் கரிக்கும், நாற்றமும் சேர்ந்திருக்கும். அந்தப் படலத்துக்குக் கீழே, பல் இருந்த குழியில் ஒரு ரத்தக் கட்டி உறைந்து உட்கார்ந்திருக்கிறது. எலும்புக்கு இப்போதைக்கு மூடி அதுதான். அது கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு திறந்து கிடக்கும். நாங்கள் 'டிரை சாக்கெட்' என்போம். சாதாரணமாகப் பல் பிடுங்கினால் நூற்றில் ஒருவரிலிருந்து ஐந்து பேருக்குள்தான் வரும். கீழ் ஞானப்பல்லில் அதைவிடப் பல மடங்கு அதிகம்.

அந்த வலி எப்படி இருக்கும் என்பது எனக்குப் புத்தகத்தைத் தவிர வேறு விதத்திலும் தெரியும். பயிற்சி டாக்டராக இருந்தபோது என் ஞானப்பல்லை ஒரு வகுப்புத் தோழன்தான் எடுத்தான். அழகாக எடுத்தான், அவன் மேல் குறையே இல்லை. மூன்றாம் நாள் வலி குறைந்த தைரியத்தில் விடுதி வாசலில் இளநீர் வாங்கி, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினேன். நோயாளிகளிடம் தினம் பத்து முறை 'உறிஞ்சாதீங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அடுத்த நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் காதுக்குள் யாரோ ஆணியைத் திருகுவது மாதிரி இருந்தது. காதில்தான் ஏதோ என்று முதலில் நினைத்தேன். வாயில் ஒரு கெட்ட வாசனை, மாத்திரை போட்டும் அசையவில்லை. காலையில் சீனியர் ஒருவர் குழியை உப்புநீரால் கழுவி, கிராம்பெண்ணெய் வாசனை அடிக்கிற மருந்துத் துணியைச் செருகினார். அரை மணி நேரத்தில் அந்த வலி போன இடம் தெரியவில்லை. அவர் திட்டினது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

உங்களுக்கு இதிலிருந்து வேண்டியது இவ்வளவுதான். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், குறைந்து வந்த வலி திடீரென்று திரும்பி, காதுக்கும் பொட்டுக்கும் ஏறி, கூடவே வாய் நாற்றமும் இருந்தால் அது டிரை சாக்கெட்டாக இருக்கலாம். உயிருக்கு ஆபத்தில்லை. வீட்டில் வைத்துத் தாங்கிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. பத்து நிமிட வேலை, போனால் முடிந்துவிடும். நாமே கிராம்புத் தைலத்தைக் குழிக்குள் ஊற்றக் கூடாது, சதை வெந்துபோகும். வலி மாத்திரையைப் பொடித்துக் காயத்தில் வைப்பவர்களும் உண்டு. அதுவும் அதே கதைதான்.

ரத்தக் கட்டியைக் காப்பாற்ற இன்னும் சில நாள் உறிஞ்சுவதும், ஓங்கிக் காறித் துப்புவதும் கூடாது. இதைப் படிக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: பீடி, சிகரெட் இரண்டு தொல்லையும் ஒன்றாகச் செய்யும், உறிஞ்சவும் உறிஞ்சும், ரத்த ஓட்டத்தையும் சுருக்கும். ஒரு வாரமாவது தள்ளி வையுங்கள்.

வாய் கொப்பளிப்பதிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. ஒரு வாய் எடுத்து, தலையை இடது பக்கம் சாய்த்து, அரை நிமிடம் அப்படியே வைத்திருந்துவிட்டு, குனிந்து வாயைத் திறந்தால் தானாக வழியும். களகளவென்று கொப்பளிக்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும், படுக்கும் முன் ஒரு முறையும் செய்யட்டும். வலிக்கிறது என்று பல் துலக்காமல் இருக்கிறாளா என்று கேளுங்கள், பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். காயத்தை விட்டுவிட்டு மற்ற பற்களைக் குழந்தைகளின் சின்னப் பிரஷ்ஷால் துலக்கலாம். அழுக்கு வாயில் காயம் ஆறாது.

வாய் பூட்டிக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். திண்டுக்கல்காரர் பூட்டைப் பற்றி எழுதினால் நான் விளக்கம் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். இருந்தாலும் இந்தப் பூட்டுக்குச் சாவி உண்டு. தாடையை மூடுகிற தசைகள் அறுவை நடந்த இடத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. வீக்கத்தாலும் ஊசி குத்திய நோவாலும் அவை இறுகிக்கொள்கின்றன. நல்ல நிலையில் தன் விரல் மூன்றை அடுக்கி உள்ளே விடலாம். இப்போது ஒன்று. முதல் இரண்டு நாள் தாடைக்கு ஓய்வு நல்லதுதான், ஆனால் பயந்து ஒரு வாரம் முழுக்க அசைக்காமல் வைத்திருந்தால் இறுக்கம் அப்படியே நிலைத்துவிடும். நாளையிலிருந்து, ஒத்தடம் கொடுத்தவுடன் தசை இளகியிருக்கும்போது, கட்டைவிரலை மேல் பல்லிலும் ஆள்காட்டி விரலைக் கீழ்ப் பல்லிலும் வைத்து மெல்ல அகட்டச் சொல்லுங்கள். இழுப்பது தெரிய வேண்டும், கண்ணில் தண்ணீர் வரக் கூடாது. பத்து எண்ணி விட்டுவிட வேண்டும். நாளுக்கு ஐந்தாறு தடவை. ஐஸ்கிரீம் குச்சி கிடைத்தால் அளவுக்கும் அதுவே ஆகும். முன்பற்களுக்கு இடையே எத்தனை குச்சி அடுக்க முடிகிறது என்று பார்த்து, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கூட்டிக்கொண்டே போகலாம். எண்ணிக்கையை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். வரும் வாரக் கடைசியில் இரண்டு விரல் நுழைந்துவிடும். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் அதுவும் டாக்டரைப் பார்க்க வேண்டிய அறிகுறிதான்.

இப்போது உதடு. மரக்க வைக்கும் ஊசியின் வேலை மூன்று நான்கு மணி நேரம், நீண்ட நேர மருந்தாக இருந்தாலும் மறுநாள் காலைக்குள் தெளிந்துவிடும். மூன்றாம் நாளும் மரத்திருக்கிறது என்றால் ஊசியைக் காரணம் சொல்ல முடியாது. கீழ்த் தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். படுத்து முளைத்த ஞானப்பல்லின் வேர் பல சமயம் அந்த நரம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பல்லை எடுக்கும்போது நரம்பு நசுங்கியிருக்கலாம், வீக்கம் அதை அழுத்திக்கொண்டும் இருக்கலாம். உதடு கோணுமோ என்ற பயம் வேண்டாம். இது உணர்ச்சி நரம்பு, அசைவு நரம்பு வேறு. பெரும்பாலோருக்குச் சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் சரியாகிவிடும். முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், அது நல்ல அறிகுறி. கீழ் ஞானப்பல் எடுத்துக்கொள்ளும் எல்லோரையும் கணக்கில் எடுத்தால், நிரந்தரமாகத் தங்கிவிடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

அப்புறம் ஏன் நாளையே சொல்ல வேண்டும் என்றால், இதில் முதல் நாட்களின் பதிவு முக்கியம். எந்த இடம் வரை மரத்திருக்கிறது என்று டாக்டர் இப்போதே தொட்டுப் பார்த்துக் குறித்து வைத்தால்தான், ஒரு மாதம் கழித்து அது சுருங்கியிருக்கிறதா என்று சொல்ல முடியும். வேர் நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பது எக்ஸ்ரேயில் தெரியும். மருந்து ஏதாவது தேவையா என்று அதைப் பார்த்து அவர் முடிவெடுப்பார். நாக்கில் மரமரப்போ சுவை மாற்றமோ இருக்கிறதா என்றும் மகளிடம் கேட்டு, இருந்தால் அதையும் சொல்லுங்கள். அது பக்கத்திலேயே ஓடும் வேறொரு நரம்பு. உணர்ச்சி திரும்பும்வரை காபியை ஆற்றிக் குடிக்கட்டும், உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அப்பத்தாவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. எங்கள் வீட்டிலும் இந்தப் பட்டியல் உண்டு. புண் என்றால் புளி கூடாது, பருப்பு கூடாது, முட்டை கூடாது, தயிர் கூடாது. மிச்சம் இருப்பது உப்புப் போட்ட தண்ணீர்தான். சீழ் கட்டுவது கிருமியால், பருப்பால் இல்லை. காயம் மூட உடம்புக்குப் புரதம் வேண்டும். அது இருப்பதெல்லாம் நீங்கள் தடுத்து வைத்திருக்கும் பட்டியலில்தான். நாளைக் காலை நன்றாக ஆறிய ராகிக் கூழில் மோர் விட்டுக் கொடுங்கள். மதியம் குழைந்த சாதத்தில் பருப்பைக் கடைந்து ஊற்றி, நெய் விட்டு, கையாலேயே மசித்துக் கொடுங்கள். ராத்திரி இட்லியைப் பாலிலோ தெளிந்த ரசத்திலோ ஊற வைத்துக் கொடுக்கலாம். முட்டையை அரை வேக்காட்டில் ஸ்பூனால் ஊட்டலாம். ரசத்தை வடிகட்டிவிடுங்கள். கடுகும் மிளகும் குழிக்குள் போய் உட்கார்ந்தால் எடுப்பது பெரும் பாடு. அதே காரணத்துக்காகத் தக்காளி விதை, கொய்யா, எள், ஜவ்வரிசி, ரவை எல்லாம் இரண்டு வாரம் வேண்டாம். தக்காளி ஆகாது என்றதில் அப்பத்தாவுக்குப் பாதி மார்க் கொடுக்கலாம், காரணம்தான் வேறு. இளநீர் குடிக்கலாம், டம்ளரில் ஊற்றி. ஐஸ்கிரீம் ஸ்பூனால் சாப்பிடலாம், முந்திரி இல்லாதது. தலப்பாக்கட்டு ஊர்க்காரிக்குப் பிரியாணி எப்போது என்று கேட்பீர்கள். குச்சிக் கணக்கில் இரண்டு விரல் அளவு வந்த பிறகு வலது பக்கமாக மென்று சாப்பிடட்டும், எலும்புத் துண்டு இல்லாமல்.

தையல் பிரித்த பிறகும் குழி இருக்கும். அதைப் பார்த்து மறுபடி பயந்துவிடாதீர்கள். ஈறு மூட மூன்று நான்கு வாரம், உள்ளே எலும்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். சாப்பிட்டது உள்ளே தங்கினால் குச்சியால் நோண்டக் கூடாது. ஊசி முனை இல்லாத சிரிஞ்சில் உப்புத் தண்ணீர் எடுத்து மெதுவாகப் பீய்ச்சிக் கழுவும் முறையைத் திங்கட்கிழமை கேட்டு வாருங்கள்.

நிச்சயதார்த்தம் பதினோராம் நாள் வருகிறது. தேதி மாற்ற வேண்டிய அவசியம் வராது. வீக்கம் வெளியே தெரிகிற அளவுக்கு இருக்காது. தாடை ஓரம் கொஞ்சம் மஞ்சள் நிறமும், தொட்டால் மட்டும் தெரிகிற ஒரு சின்னக் கட்டியும் மிச்சம் இருக்கலாம். மேக்கப் போடலாம். ஆனால் பார்லரில் ஃபேஷியல் என்று கன்னத்தை அழுத்தித் தேய்ப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அன்று வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு துண்டு இனிப்பை வாயில் திணிக்கத்தான் செய்வார்கள். கற்கண்டு வேண்டாம், மெத்தென்ற பால்கோவா இருக்கட்டும். இடது பக்கம் ஊட்டாமல் பார்த்துக்கொள்ள பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள். பந்தி முடிந்து தாம்பூலம் வந்தால் அவள் வெற்றிலையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளட்டும், பாக்கு வாய்க்குள் போகக் கூடாது.